பக்கத்து இருக்கைக்காரரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 32. வேலை விஷயமாக அடிக்கடி தனியாகப் பயணம் செய்கிறேன். அலுவலகத்திலும் நண்பர்களிடமும் நன்றாகவே பேசுவேன். ஆனால் ரயிலிலோ விமானத்திலோ பக்கத்தில் இருக்கும் தெரியாத ஒருவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. போன மாதம் ஐந்து மணி நேர ரயில் பயணம். பக்கத்தில் ஒரு வயதான அம்மா. ஏதாவது பேசலாம் பேசலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், ஊர் வந்துவிட்டது. இறங்கும்போது அவர்தான் 'வரேம்மா' என்று சொல்லிவிட்டுப் போனார். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு முன்பு ஒரு தடவை தைரியமாக ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். 'ம்' என்று சொல்லிவிட்டு இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். அன்றோடு வாயை மூடியவள்தான். அடுத்த மாதம் முதல் முறையாக வேலைக்காக இல்லாமல் எனக்காகவே பத்து நாள் தனியாக வெளிநாடு போகிறேன். பத்து நாளும் ஊமையாகத் திரிய விருப்பமில்லை. எதை வைத்துப் பேச்சைத் தொடங்குவது? தொந்தரவாக நினைத்துவிடுவார்களா? தனியாகப் போகும் பெண் என்னைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? விடாமல் பேசுகிறவரிடமிருந்து எப்படி விலகுவது? நன்றாகப் பழகியவரிடம் தொடர்பு எண் கேட்கலாமா?

பதில்: முதலில் அந்த இயர்போன் மனிதரைக் கவனிப்போம். உங்கள் வாயை அடைத்தது அவர்தானே.

அவரைப் பற்றி உங்களுக்கு உண்மையில் என்ன தெரியும்? 'ம்' என்றார், இயர்போனை மாட்டினார். இவ்வளவுதான். 'எதுக்கு இந்தப் பொண்ணு நம்மகிட்ட வந்து பேசுது' என்று அவர் நினைத்ததாக நீங்கள் நம்புகிறீர்களே, அது நீங்கள் எழுதிச் சேர்த்த வசனம். இரவெல்லாம் தூங்காமல் வந்திருக்கலாம். வீட்டில் ஏதோ சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். பேச்சே பிடிக்காத ஆளாகவும் இருக்கலாம், அதிலும் தப்பில்லை. எந்தக் காரணமாக இருந்தாலும், பேச விருப்பமில்லை என்பதை உங்களைப் புண்படுத்தாமல் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது. முகத்தைச் சுளிக்கவில்லை, கடுமையாக எதுவும் சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைத்தது ஒரு 'இப்போது வேண்டாம்'. அதை நீங்கள் 'இனி யாரிடமும் வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டீர்கள்.

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு மறுப்பு வருடக்கணக்கில் நினைவில் நிற்கிறது. நல்லபடியாகப் போன பேச்சுகள் அடுத்த வாரமே மறந்துவிடுகின்றன. அதனால் 'முன்னே நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்' என்று நாம் நினைக்கும் கணக்கில் பாதி விடுபட்டுப்போகிறது.

இந்தக் கணக்கை நேராகச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், சிகாகோவில் தினமும் ரயிலிலும் பேருந்திலும் வேலைக்குப் போகிறவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. சிலரிடம் இன்று பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு போங்கள் என்றார்கள். சிலரிடம் யாரோடும் பேசாமல் போங்கள் என்றார்கள். இன்னும் சிலரிடம் வழக்கம்போலப் போங்கள் என்றார்கள். பயணத்தை அதிகம் ரசித்தவர்கள், பேசிக்கொண்டு போனவர்கள்தான். இதே மாதிரிப் பயணிகள் வேறு சிலரிடம், எந்தப் பயணம் இனிமையாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது, தனியாக அமைதியாகப் போவதுதான் என்று நேர்மாறாகச் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர்கூடப் பேச முன்வர மாட்டார்கள் என்பதும் அவர்களுடைய ஊகமாக இருந்தது. ஆனால் பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்கூட, தன்னை யாரோ ஒதுக்கிவிட்டதாக வந்து சொல்லவில்லை.

'தொந்தரவாக நினைத்துவிடுவார்களா' என்று கேட்டிருக்கிறீர்கள். பேசினவருக்குச் சந்தோஷமாக இருக்கலாம், பேச்சுக் கேட்டவருக்கு எப்படி இருந்தது என்பது நியாயமான சந்தேகம்தான். அவர்களும் அதை யோசித்திருக்கிறார்கள். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், காத்திருக்கும் அறையில் இரண்டு பேரை உட்காரவைத்து ஒருவரை மட்டும் பேச்சைத் தொடங்கச் சொன்னார்கள். தொடங்கினவருக்கு எவ்வளவு பிடித்திருந்ததோ, பேசப்பட்டவருக்கும் ஏறக்குறைய அவ்வளவு பிடித்திருந்தது. பிறகு லண்டன் ரயில்களிலும் இந்த ஆய்வைச் செய்து பார்த்தார்கள். அங்கும் இதே விடைதான் வந்தது.

அப்படியானால் எல்லோரும் ஏன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்? எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-இல் இதற்கு நல்ல விளக்கம் ஒன்று சொன்னார். பொது இடத்தில் முன்பின் தெரியாத இருவர் எதிர்ப்பட்டால், ஒரு கணம் பார்ப்பார்கள், உடனே பார்வையை விலக்கிக்கொள்வார்கள். 'நீங்கள் இருப்பது எனக்குத் தெரிகிறது, உங்களைத் தொல்லை செய்ய மாட்டேன்' என்று ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை அது. நல்ல பழக்கம்தான், அது இல்லாவிட்டால் கூட்டத்துக்குள் மனிதர் நடமாடவே முடியாது. ஆனால் ஐந்து மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போதும் அதையே இருவரும் பிடித்துக்கொண்டிருந்தால், இவர் மரியாதைக்காக மௌனமாக இருப்பதை அவர் விருப்பமின்மை என்று நினைக்கிறார். அவர் மௌனத்தை இவரும் அப்படியே நினைக்கிறார். அந்த அம்மாவின் மனதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தைகூடப் பேசாத உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

சரி, எதை வைத்துத் தொடங்குவது? பயணத்தில் இதற்குப் பதில் ரொம்ப எளிது. நீங்கள் இருவரும் ஒரே வண்டியில், ஒரே தாமதத்தில், ஒரே ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பொதுவான விஷயம் கண்முன்னாலேயே இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லும் முதல் வாக்கியம் புத்திசாலித்தனமாகவோ சுவாரசியமாகவோ இருக்க வேண்டியதில்லை. அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான் உங்களுக்கு ஐந்து மணி நேரம் கழிந்தது என்று நினைக்கிறேன். முதல் வாக்கியத்துக்கு இரண்டே தகுதிகள் போதும். கேட்டவர் யோசிக்காமல் பதில் சொல்ல முடிய வேண்டும். வேண்டாமென்றால் ஒரு தலையசைப்போடு முடித்துக்கொள்ளவும் முடிய வேண்டும்.

ஒன்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ரயில் நடுவழியில் நிற்கிறது. ஏதோ அறிவிப்பு வந்தது, உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

"என்ன சொன்னாங்கன்னு கேட்டுதா?"

"சிக்னல்ல ஏதோ பிரச்சினையாம். இருபது நிமிஷம் ஆகும்னாங்க."

"ஐயோ. உங்களுக்கு இறங்கினதும் வேற வண்டி பிடிக்கணுமா?"

"இல்ல, என் தங்கச்சி வந்து காத்துக்கிட்டிருப்பா. அவளுக்குத்தான் சொல்லணும்."

அவர் போனை எடுத்துத் தங்கைக்குச் செய்தி அனுப்புகிறார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள். அனுப்பி முடித்துவிட்டுப் போனைப் பைக்குள் வைக்கிறார்.

"தங்கச்சியைப் பார்த்து ரொம்ப நாளாச்சா?"

"ரெண்டு வருஷம்! அவளுக்குக் குழந்தை பிறந்து நான் இன்னும் பார்க்கவே இல்ல."

இனி உங்களுக்கு அதிக வேலை இருக்காது. இந்தப் பேச்சில் நீங்கள் மொத்தம் மூன்று வாக்கியம்தான் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் சாதாரணமானவை. நடந்தது என்னவென்றால், முதல் வாக்கியம் வண்டியைப் பற்றியது, இரண்டாவது அவருடைய பயணத்தைப் பற்றியது, மூன்றாவது அவரே வாய்விட்டுச் சொன்ன தங்கையைப் பற்றியது. ஒவ்வொரு படியும் அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்தது. நடுவில் அவர் போனைப் பார்த்தபோது நீங்கள் திரும்பிக்கொண்டீர்கள் பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பேச்சைத் தொடர வேண்டாமென்றால் போனிலேயே மூழ்கிப்போக அவருக்கு அங்கே வழி இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. போனை உள்ளே வைத்தார். தொடரலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் முதல் வாக்கியத்துக்குப் பயப்படுகிறார்கள். ஆனால் பேச்சு செத்துப்போவது அங்கே இல்லை, மூன்றாவது வாக்கியத்தில்தான். 'தங்கச்சி வந்து காத்துக்கிட்டிருப்பா' என்று அவர் சொன்னதும், பயந்த மனம் அடுத்த கேள்வியைத் தேட ஆரம்பிக்கிறது. 'ஓ அப்படியா... நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?' என்று வேறெங்கோ தாவுகிறது. பதில் வந்ததும் இன்னொரு தாவல். நாலு கேள்வி தாண்டியதும் விண்ணப்பப் படிவம் நிரப்புகிற மாதிரி ஆகிவிடும், இருவருக்குமே அலுத்துவிடும். கேரன் ஹுவாங்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சில் கேட்கப்படும் கேள்விகளை வகை பிரித்துப் பார்த்தார்கள். அதிகம் கேள்வி கேட்கிறவர்களை எதிரில் இருப்பவருக்குப் பிடித்துப்போகிறது. அதிலும் குறிப்பாக, சொன்ன பதிலையே பிடித்துக்கொண்டு மேலே கேட்கும் தொடர் கேள்விகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அறிமுகமில்லாத ஆணும் பெண்ணும் சில நிமிடம் பேசிப் பார்க்கும் சந்திப்புகளிலும், தொடர் கேள்வி கேட்டவர்களைத்தான் மறுபடி சந்திக்க அதிகம் பேர் விரும்பினார்கள். தொடர் கேள்வி கேட்கச் சாமர்த்தியம் தேவையில்லை. காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். நடுநடுவே உங்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள். 'எனக்கும் இந்த மாதிரி ஒரு தடவை ராத்திரி வண்டி நின்னுபோச்சு' என்றால் போதும், அவருக்கும் கேட்க ஏதாவது கிடைக்கும். சம்பளம், கல்யாணம், பிள்ளை இல்லையா, என்ன மதம் என்பதையெல்லாம் அவராகச் சொன்னால் ஒழிய நீங்கள் தொடாதீர்கள். தோற்றத்தைப் புகழ்ந்து பேச்சைத் தொடங்குவதும் வேண்டாம். கையில் இருக்கும் பொருளைப் பற்றிக் கேட்கலாம். அவருடைய பை வசதியாகத் தெரிகிறதா, 'இதுல எல்லாம் அடங்கிடுதா?' என்று கேளுங்கள். அடிக்கடி பயணம் போகிறவர்கள் பையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். வந்து உட்கார்ந்தவுடன் பேசாதீர்கள். பெட்டியை வைக்க வேண்டும், வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். அப்போது ஒரு புன்னகையும் 'வணக்கம்' போன்ற ஒரு சொல்லும் போதும். ஆனால் அந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் ஒரு சொல்லும் போகாவிட்டால், இரண்டு மணி நேரம் கழித்துத் திடீரென்று பேசுவது இருவருக்குமே கூச்சமாக இருக்கும். உங்களுக்கு அந்த ரயிலில் நடந்தது இதுதான் என்று தோன்றுகிறது. நேரம் ஆக ஆக மௌனம் கனத்துக்கொண்டே போயிருக்கும். முதலில் ஒரு சொல் போட்டுவைத்திருந்தால், பிறகு எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து தொடரலாம்.

அப்படியே நேரம் கடந்துவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வண்டியில் ஏதாவது மாறும் நேரத்துக்குக் காத்திருங்கள். நிற்கும், கிளம்பும், சாப்பாடு வரும், யாராவது இறங்குவார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும் அந்த நேரங்களில் ஒரு வார்த்தை சொல்வது இயல்பாக இருக்கும்.

அடையாளங்களை எப்படிப் படிப்பது என்பதில் நான் ஒரே ஒரு கணக்குதான் வைத்திருக்கிறேன். கண்ணை மூடியிருப்பவர், காதில் ஏதாவது மாட்டியிருப்பவர், கணினியில் மும்முரமாக இருப்பவர் ஆகியோரை விட்டுவிடுங்கள். மற்றவர்களிடம் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். பதில் ஒற்றைச் சொல்லாக வந்தால், அது திடுக்கிட்டதாலும் இருக்கலாம், கொஞ்சம் விட்டுவிடுங்கள். பிறகொரு தரம் இன்னொரு வரி. அதற்கும் ஒற்றைச் சொல்தான், உடம்பும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கிறது என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் இயர்போன் மனிதர் முதல் தடவையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார், அது உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தியது. மாறாக அவர் பதிலோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டாலோ, கேட்காத ஒரு விவரத்தைச் சொன்னாலோ, பேச விரும்புகிறார் என்று தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் பேச்சு ஓய்ந்துபோனால் பதற வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது நாலு நொடி மௌனம்கூட நெருடும். ஆனால் பயணத்தில் இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், வெளியே பார்க்க ஜன்னல் இருக்கிறது, படிக்கப் புத்தகம் இருக்கிறது. பத்து நிமிடம் பேசி, அரை மணி நேரம் சும்மா இருந்து, மறுபடி பேசுவது வண்டியில் மிக இயல்பாக நடக்கும் விஷயம். அதை நிரப்பியே தீர வேண்டும் என்று நினைக்கிறவர்தான் அடுத்தவருக்குப் பாரமாகிறார்.

பேசி முடித்த பிறகு இன்னொரு சங்கடம் வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 'அதிகமாகப் பேசிவிட்டோமோ, அசட்டுத்தனமாக நினைத்திருப்பாரோ' என்று மனம் பின்னால் போய்க் கிளற ஆரம்பிக்கும். எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரைப் பேசவைத்து, அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் அதிகம். என்னை மிகவும் பாதித்த விஷயம் வேறொன்று. அந்த உரையாடல்களின் பதிவை வெளியாள் பார்த்தபோது, ஒருவரை மற்றவருக்குப் பிடித்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டிருந்தவருக்கு மட்டும்தான் தெரியவில்லை. தன்னைத் தானே கண்காணிப்பதில் மும்முரமாக இருந்ததால், எதிரில் இருந்தவர் முகத்தில் தெரிந்ததை அவர் பார்க்கவில்லை. ஆகவே பேசும்போது 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற கேள்வி எழும்போதெல்லாம், கண்ணை அவர் முகத்துக்கும் காதை அவர் சொல்லும் விஷயத்துக்கும் கொண்டுபோங்கள்.

உங்களைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இனி பார்க்கவே போவதில்லை என்ற நினைப்பு, தெரியாதவரிடம் மனதைத் திறந்துகொட்ட வைக்கும். ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் 1908-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நெருங்கியவர்களிடம்கூட மறைக்கும் விஷயத்தை, வந்துபோகும் அந்நியரிடம் மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள் என்றார். அதில் ஓர் ஆறுதல் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அளவு பொருந்த வேண்டும். ஸிக் ரூபின் என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வை விமான நிலையக் காத்திருப்புக் கூடத்தில் நடத்தினார். ஒருவர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் எதிராளியும் கொஞ்சம் சொல்கிறார், கூடுதலாகத் திறந்தால் அவரும் கூடத் திறக்கிறார். ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அந்நியர் மிதமிஞ்சிப் போனால் எதிராளி உஷாராகிவிடுகிறார் என்பது அந்த ஆய்வில் தெரிந்தது. அதனால் அவர் ஒரு படி வந்தால் நீங்களும் ஒரு படி வாருங்கள். அவர் நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

அந்த அளவுக்குள் உங்கள் மனதைச் சொல்லலாம், உங்கள் இருப்பிடத்தைச் சொல்லாதீர்கள். நான் பெண்களிடம் சொல்லும் எல்லைக்கோடு இதுதான். பிடித்த விஷயம், போன இடம், வேலையில் வரும் தலைவலி எல்லாம் சரி. தங்கும் விடுதியின் பெயர், அறை எண், நாளை காலை எத்தனை மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தேவையில்லாத விவரம். எத்தனை நல்லவராகத் தெரிந்தாலும் முழுப் பயணத் திட்டத்தை ஒப்பிக்க வேண்டாம். 'தனியாவா வந்திருக்கீங்க?' என்று கேட்டு உங்களுக்கு உறுத்தலாக இருந்தால், 'இல்லை, தோழி அங்கே காத்திருக்கிறாள்' என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யாயிற்றே என்று வருந்தாதீர்கள். உங்கள் பாதுகாப்பைத் தெரியாதவர் கையில் ஒப்படைக்க உங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. பகலில், நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசுங்கள். பேச்சு நன்றாகப் போகிறது என்பதற்காக அந்த இடத்தை விட்டு வேறிடத்துக்குக் கிளம்ப வேண்டாம்.

விலகுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நீங்கள் மட்டும் தடுமாறவில்லை. ஆடம் மாஸ்ட்ரோயானியும் சக ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் சுமார் 2 சதவீதம்தான். எப்போது முடிக்க விருப்பம் என்பதை இருவருமே நாகரிகம் கருதி மறைத்துக்கொள்வதுதான் காரணம். ஆகவே நீங்கள் முதலில் முடித்தால் அவர் மனம் புண்படும் என்று நினைக்காதீர்கள், அவரும் அதற்காகவே காத்திருக்கலாம். பேசியதில் ஒன்றைக் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். 'அந்த மலைப்பாதையைப் பத்திச் சொன்னீங்களே, ரொம்ப உபயோகமா இருந்தது. நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிறேன்.' சொன்னபடியே கண்ணை மூடுங்கள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் தொடரத்தான் செய்வார்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் விடவில்லை என்றால் கதை வேறு. அப்போது நாசூக்கு தேவையில்லை. 'எனக்குப் பேச விருப்பமில்லை' என்று ஒரு தரம் நேராகச் சொல்லுங்கள். காரணம் சொல்லாதீர்கள், சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதாடுவார்கள். எழுந்து வேறு இருக்கைக்குப் போங்கள், அல்லது வண்டி ஊழியரிடம் சொல்லுங்கள். ஏன் என்று உங்களுக்கே விளக்கத் தெரியாவிட்டாலும், உள்ளே ஏதோ சரியில்லை என்று பட்டாலே எழுந்துபோக அது போதுமான காரணம்.

அடுத்த மாதப் பயணத்துக்கு வருவோம். ஒரே பாய்ச்சலில் மணிக்கணக்கான பேச்சுக்குப் போக நினைக்காதீர்கள். ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரம் என்ற உளவியலாளர், அந்நியரோடு பேசுவதை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து வருகிறவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு ஒரு வாரம் தினமும் ஒரு தேடல் விளையாட்டு கொடுத்தார்கள். தொப்பி போட்ட ஒருவரைப் போல, இன்ன அடையாளம் உள்ள அந்நியரைக் கண்டுபிடித்துப் பேச வேண்டும். வார முடிவில், ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்குக் குறைந்திருந்தது, தன்னால் பேச முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. ஆய்வு முடிந்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது அப்படியே இருந்தது. ஒரே ஒரு நல்ல உரையாடல் இதைச் செய்வதில்லை, அதை அதிர்ஷ்டம் என்று மனம் ஒதுக்கிவிடும். திரும்பத் திரும்ப நடந்தால்தான் நம்பும்.

நீங்கள் வெளிநாடு கிளம்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே, தினமும் எப்படியும் எதிர்ப்படுகிறவர்களிடம் ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசத் தொடங்குங்கள். லிஃப்டில் வருகிறவர், வரிசையில் முன்னால் நிற்கிறவர், சீட்டு கொடுக்கிறவர் என்று யாராக இருந்தாலும் சரி. பத்து நொடியில் முடிந்துவிடும் பேச்சுகள் இவை, யார் எப்போது முடிப்பது என்ற சங்கடமே வராது. போன இடத்திலும் முதல் நாள் விடுதி வரவேற்பில் இருப்பவரிடம் ஆரம்பியுங்கள். 'எங்கே போகலாம்' என்று கேட்காதீர்கள், அதற்கு மனப்பாடமான பதில் ஒன்று வைத்திருப்பார். 'உங்களுக்கு லீவு கிடைத்தால் இந்த ஊரில் எங்கே போய் உட்காருவீர்கள்?' என்று கேளுங்கள். முகமே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

பாஷை தெரியாத ஊராக இருந்தால் வணக்கம், நன்றி, மன்னிக்கவும் ஆகிய மூன்றையும் அந்த ஊர்ச் சொல்லில் கற்றுக்கொள்ளுங்கள். உச்சரிப்பு தப்பானாலும் பரவாயில்லை. தப்பைத் திருத்திச் சொல்லித் தருவதில் மனிதர்களுக்கு இருக்கும் சந்தோஷமே பாதிப் பேச்சை நடத்திவிடும். வரைபடத்தை விரித்து உங்கள் ஊரைத் தொட்டுக் காட்டுங்கள், அவரும் தன் ஊரைக் காட்டுவார். தனியாகப் பயணம் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும் இன்னொரு விஷயம், ஒரே இடத்துக்கு மறுபடி போவது. நேற்று காலை உட்கார்ந்த அதே கடையில், அதே நேரத்தில் இன்றும் போய் உட்காருங்கள். இரண்டாம் நாள் நீங்கள் அங்கே பாதி தெரிந்தவர். பேச்சைத் தொடங்கும் வேலையை அநேகமாக அவர்களே செய்துவிடுவார்கள்.

இடையில் ஒரு விஷயம். அலுவலகத்திலும் நண்பர்களிடமும் நன்றாகப் பேசுகிறீர்கள் என்பதால் உங்களுடையது சாதாரணக் கூச்சம்தான் என்று படுகிறது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது, நாலு பேர் முன்னால் சாப்பிடவோ கடையில் ஒன்று கேட்கவோகூட நெஞ்சு படபடத்து, அதற்காக வேலையையும் வெளியே போவதையும் தவிர்க்கும் அளவுக்கு இருந்தால், அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். முறையான மனநல சிகிச்சையில் நன்றாகவே குறையக்கூடியது. தள்ளிப்போடாமல் ஒரு நிபுணரைப் பாருங்கள்.

கடைசியாகத் தொடர்பு எண். பெரும்பாலான பயணப் பேச்சுகளுக்கு அது தேவைப்படாது. வண்டியோடு முடிந்துபோனால் அது குறைபட்டது என்று அர்த்தமில்லை, மூன்று மணி நேரம் நன்றாகக் கழிந்தது, அவ்வளவுதான். நிஜமாகவே தொடர வேண்டும் என்று தோன்றினால் அவருடையதைக் கேட்காதீர்கள். எதிரே நிற்கும்போது மறுப்பது யாருக்கும் கஷ்டம். உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். தொலைபேசி எண்ணைவிட அது உங்களுக்குப் பாதுகாப்பு, எழுதுவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கும். அதையும் இறங்கும் நேரத்தில் கொடுங்கள், முன்கூட்டியே கொடுத்தால் மிச்சப் பயணம் முழுக்க இருவருக்கும் அதே யோசனையாக இருக்கும்.